மதுசாரமும் வீட்டு மருந்தும்



நம் ஊர்ப் பழைய வீடுகளிலே, குசினி வாசலுக்குப் பக்கத்தில், ஒரு சுவர் அலுமாரி இருக்கும். அதன் மேற்றட்டிலே பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் சில போத்தல்கள் வரிசையாக நிற்கும். ஒன்றிலே நல்லெண்ணெய், ஒன்றிலே வேப்பெண்ணெய், ஒன்றிலே தேன். இவற்றோடு பழுப்பு நிறமான நீர் நிறைந்த போத்தல் ஒன்றோ இரண்டோ இருக்கும். அடியிலே வேர்த்துண்டுகள் கிடக்கும். தக்கையைத் திறந்தால் சாராய வாடை வீசும். அதற்குப் பெயர் கிடையாது. கேட்டால், "அது மருந்து" என்று மட்டும் விடை வரும். அந்தப் போத்தலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

எனது பெரியையா வீட்டில் அப்படிப்பட்ட போத்தல்கள் இரண்டு இருந்தன. 1970களின் தொடக்கத்தில், நான் மாணவனாக அவர் வீட்டிலே தங்கிப் படித்த காலம். ஒரு போத்தலிலே வேர்க்கொம்பைத் தட்டிச் சாராயத்தில் ஊறவிட்டிருந்தார். வயிற்றுப் பொருமலுக்கு ஒரு கரண்டி குடிப்பார். மற்றதிலே முழங்கால் நோவுக்குப் பூசுவதற்காக யாரோ சொல்லிய பக்குவப்படி வச்சநாவிக் கிழங்கை ஊறவைத்திருந்தார். இரண்டும் ஒரே அளவான போத்தல்கள். இரண்டிலும் ஒரே நிறம். ஓரிரவு, அரிக்கன் லாம்பு வெளிச்சத்திலே, பொருமலென்று எழுந்து ஒரு தேக்கரண்டி வார்த்து வாயில் விட்டார். சுவை வேறாயிருக்கவே பாதியைத் துப்பினார். பாதி உள்ளே போய்விட்டது.

கால்மணி நேரத்துள், "நாக்கு மரத்துப் போச்சுது, சொண்டிலை எறும்பு ஊருமாப்போலை கிடக்கு" என்றார். பின்பு கைவிரல்கள் விறைத்தன, வாந்தி எடுத்தார், நாடி தாறுமாறாக ஓடியது. அயலவர் ஒருவரின் காரிலே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். கடமையிலிருந்த இளம் வைத்தியர், என்ன கிழங்கு என்று கேட்டு அறிந்தபின், இரண்டாவது கேள்வியாக, "எதிலே ஊறப்போட்டது?" என்று கேட்டார். பெரியம்மா, "சாராயத்திலை, ஐயா" என்றார். வைத்தியரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூன்று நாள் இருதயத்தைக் கண்காணித்த பின்னரே பெரியையாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எதிலே ஊறப்போட்டது என்று அவர் ஏன் கேட்டார்? அதன் விடையை நான் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. அந்த விடையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிலே, மூலிகையை மதுசாரத்தில் இடவேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது என்பதைப் பார்ப்போம். பாடநூல்களில் அற்ககோல் என்று வழங்கும் பொருளையே மதுசாரம் என்கிறேன். நம் சித்த வைத்திய நூல்கள் அகமருந்துகளை முப்பத்திரண்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வகுத்துள்ளன. குடிநீர் என்னும் கஷாயத்துக்கு ஆயுள் ஒரு சாமம். அதாவது மூன்று மணித்தியாலம். சூரணத்துக்கு மூன்று மாதம். காலையில் அவித்த குடிநீரை மாலையில் குடிக்கலாகாது என்பது வெறும் ஆசாரமன்று. வெந்நீரிலே இறங்கிய மாவும் வெல்லமும் பிசினும் நமக்கு உணவாவது போலவே கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும் உணவாகின்றன. ஆகவே வேண்டியபோதெல்லாம் சரக்கை இடித்து, எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சவேண்டும். நள்ளிரவில் வயிறு பொருமும்போது யார் அடுப்பு மூட்டுவார்? மதுசாரம் இந்த வில்லங்கத்தைத் தீர்த்தது. போதிய செறிவுள்ள மதுசாரத்தில் கிருமிகள் வாழமாட்டா. சரியாகச் செய்த மருந்து ஆண்டுக்கணக்கில் கெடாது நிற்கும்.

கெடாமல் வைப்பது அதன் ஒரு குணம். மற்றக் குணம் இன்னும் பெரிது. தண்ணீர் சிலவற்றையே கரைக்கும்; உப்பு, வெல்லம், பிசின், துவர்ப்பு முதலியன அதில் இறங்கும். வாசனை எண்ணெய்களும், குங்கிலியம் போன்ற பொருள்களும், இஞ்சியின் காரமும் தண்ணீரிலே அரைகுறையாகவே இறங்கும். மதுசாரமோ தண்ணீரோடும் எண்ணெயோடும் ஒருங்கே உறவாடும் இயல்புடையது. அதனால் தண்ணீரால் எடுக்க முடியாதவற்றையும் அது எடுத்துவிடும். செறிந்த மதுசாரத்தில் ஊறிய இஞ்சிச்சாற்றிலே சில துளிகளை ஒரு குவளைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். தெளிந்த நீர் பால்போற் கலங்கும். மதுசாரத்தில் மறைந்து கரைந்திருந்த எண்ணெயும் பிசினும் தண்ணீரைக் கண்டதும் கரைந்திருக்க மாட்டாமல் வெளிப்படுவதே அந்தக் கலக்கம்.

மூலிகையும் மதுசாரமும் கூடும் வழிகள் இரண்டு. மதுசாரம் மருந்தினுள்ளேயே பிறப்பது ஒன்று. வெளியிலே பிறந்த மதுசாரத்தில் மருந்தை ஊறவைப்பது மற்றொன்று.

முதலாவது வழியை விளக்க நமக்குப் பனைமரமே போதும். பாளையிலே கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. காற்றிலிருந்தும் முட்டியிலிருந்தும் வந்து சேரும் மதுவம் என்னும் நுண்ணுயிர் பதநீரின் வெல்லத்தை உண்டு மதுசாரமாக மாற்றுகிறது. இதனை நொதித்தல் என்பர். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. ஆயுள்வேதம் இந்த நொதித்தலையே மருந்து செய்யும் கருவியாக்கிக்கொண்டது. சரக்கைக் கஷாயமாக்கி நொதிக்கவிட்டால் அரிட்டம். காய்ச்சாமல் நொதிக்கவிட்டால் ஆசவம். தசமூலாரிட்டம், திராட்சாரிட்டம், அசோகாரிட்டம் என்னும் பெயர்களை மருந்துக்கடைகளிலே கண்டிருப்பீர்கள்.

சார்ங்கதரர் தமது நூலிலே, அளவு சொல்லப்படாத இடங்களில் கொள்ளவேண்டிய பொதுவிதி ஒன்றைத் தருகிறார். நீர் ஒரு துரோணம், வெல்லம் ஒரு துலாம், தேன் அதில் அரைவாசி, மேலே தூவும் பொடிகள் அதில் பத்திலொன்று. இக்காலத்து அளவிலே, ஏறக்குறைய 12 லீற்றர் நீருக்கு 5 கிலோகிராம் வெல்லமும், இரண்டரைக் கிலோகிராம் தேனும், அரைக் கிலோகிராம் பொடியும் வரும். தாதகிப் பூவையும் சேர்த்து மட்பாண்டத்தில் இட்டு, வாயைச் சீலையாலும் களிமண்ணாலும் மூடி, நெற்குவியலினுள்ளே பதினைந்து நாள் முதல் ஒரு மாதம் வரை வைப்பர். நெற்குவியல் எதற்கு என்று ஒருகால் எனக்குத் தோன்றியதுண்டு. இரவும் பகலும் ஒரே வெதுவெதுப்பாக இருப்பதற்குத்தான். வெப்பமானி இல்லாத காலத்தில் அதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன உண்டு?

இவ்வகை மருந்தில் இயற்கையான ஒரு காவல் இருக்கிறது. மதுசாரம் கூடக் கூட, அதை உண்டாக்கிய மதுவமே அதனால் மடிந்துபோகிறது. ஆதலால் அரிட்டங்களிலே மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரையிலேயே நிற்கும். சில சிறிது மேலே போகும். கஷாயமாக நன்கு காய்ந்த சரக்கை மென்மையான மதுசாரம் காத்து வைத்திருக்கிறது. முன்னோர் செய்த இணைப்பு அது, அறிவுடைய இணைப்பு.

ஆயினும் அரிட்டத்தை வீட்டிலே வடிக்க முயலவேண்டாம் என்பேன். காரணம் இரண்டு. வாய் சரியாக மூடப்படாத பானையிலே காற்றுப் புகுந்தால் மதுசாரம் புளித்து வினாகிரியாகிவிடும். வேண்டாத பூஞ்சணமும் பிடிக்கும். நொதித்தல் முடிந்ததா இல்லையா என்பதைக் காதாலும் மூக்காலும் அறிய நீண்ட பழக்கம் வேண்டும். மற்றது சட்டம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ், அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குவது குற்றம். மறுபுறத்தில், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம், சித்தத்தையும் யூனானியையும் உள்ளடக்கி, பதிவுபெற்ற வைத்தியருக்கும் மருந்து ஆக்குவோருக்கும் இடம் வகுத்திருக்கிறது. அரிட்டம் வேண்டுமாயின் அவர்களிடம் வாங்குவதே முறை.

இனி இரண்டாவது வழி. வடித்தெடுத்த மதுசாரத்தில் மூலிகையை ஊறவைத்து வடிகட்டுவது. மேனாட்டு மருத்துவம் இதனை டிங்சர் என்கிறது. காயத்திற் பூசிய டிங்சர் அயடீனின் எரிவை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நொதித்தலால் மட்டும் ஓரளவுக்கு மேற் போக இயலாத மதுசாரம், வாலையிலே ஏறி இறங்கியதும் நாற்பது, அறுபது, தொண்ணூறு என்று செறிந்தது. அந்தச் செறிவிலே எந்த வேரும் தன் உள்ளதையெல்லாம் கக்கிவிடும். பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் தோமஸ் சிடன்காம் என்னும் புகழ்பெற்ற வைத்தியர் அபினியைக் குங்குமப்பூ, கறுவா, கராம்பு ஆகியவற்றோடு திராட்சை மதுவில் ஊறவைத்து ஒரு மருந்து செய்தார். லோடனம் என்று வழங்கிய அவ்வகை மருந்து, நோவைத் தணித்தது உண்மை. பின்னர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, இருமலுக்கும் உறக்கமின்மைக்கும் அழுத குழந்தைக்குமாக வீடுதோறும் புகுந்து, எத்தனையோ பேரை அபினிக்கு அடிமையாக்கியதும் உண்மை. கரண்டியளவு நீரிலே ஒரு பெருங்கட்டிச் சரக்கின் வலிமை அடங்கிவிடுவதால், கை சற்றுத் தவறினாலும் விளைவு பெரிதாகிவிடுகிறது.

இப்பொழுது பெரியையாவின் போத்தலுக்குத் திரும்புவோம். வச்சநாவி கொடிய நஞ்சு என்பதை நம் வைத்தியர்கள் அறியாதவர்களல்லர். அதனைச் சுத்தி செய்யாமல் எந்த மருந்திலும் சேர்ப்பதில்லை. சீன வைத்தியத்திலும் இக்கிழங்கினத்தை நெடுநேரம் அவித்தே பயன்படுத்துவர். அதில் ஒரு நுட்பம் உண்டு. வச்சநாவியின் நஞ்சு அக்கொனிற்றீன் என்பது. நீரிலே மணிக்கணக்காகக் கொதிக்கும்போது அது சிதைந்து, வலிமை மிகக் குறைந்த வேறு பொருள்களாக மாறுகிறது. கொதித்தலே அங்கே பாதி மருத்துவம். சாராயத்தில் ஊறவைக்கும்போதோ நெருப்பு இல்லை, கொதித்தல் இல்லை. நஞ்சு சிதையாமலே முழு வலிமையோடு மதுசாரத்துள் இறங்குகிறது. இறங்குவதும் தண்ணீரிலும் பார்க்க எளிதாக இறங்குகிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்திலே, மூட்டு நோவுக்கென்று வீட்டில் இக்கிழங்கை மதுவில் ஊறவைத்துக் குடித்தவர்கள் இறந்த செய்திகள் மருத்துவ ஏடுகளிலே மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. அந்த இளம் வைத்தியர் எதிலே ஊறப்போட்டது என்று கேட்டது இதற்காகத்தான்.

வீட்டு மருந்து செய்வோர் பெரும்பாலும் தவறும் இடம் இதுவே. ஒரு மூலிகையைக் குடிநீராகத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்திருக்கிறோம். ஆகவே அதைச் சாராயத்தில் ஊறவைத்துக் குடித்தாலும் நன்மையே என்று எண்ணுகிறார்கள். அஃது அப்படியன்று. குடிநீரின் அளவு குடிநீருக்கே உரியது. பாத்திரம் மாறினால் மருந்து மாறாது. ஆனால் கரைக்கும் நீர் மாறினால் மருந்தே மாறிவிடுகிறது.

வச்சநாவி மட்டுமன்று. கார்த்திகைக் கிழங்கிலே கொல்சிசீன் என்னும் நஞ்சு உண்டு. உண்ணத்தக்க கிழங்கென்று தவறாக எண்ணி அதனை அவித்துண்டு உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அலரியிலும் மஞ்சள் அலரியிலும் உள்ளவை இருதயத்தைத் தாக்குவன. ஊமத்தை அறிவை மயக்குவது. இவை ஒருபோதும் வீட்டுப் போத்தலுக்குள் வரலாகாது. ஈசுரமூலியைப் பற்றியும் சொல்லவேண்டும். பெருமருந்து என்றே அதற்கு ஒரு பெயருண்டு. பாம்புக் கடிக்கும் காய்ச்சலுக்கும் நெடுங்காலமாக வழங்கி வந்த கொடி. ஆயினும் அதன் இனத்தைச் சேர்ந்த செடிகளில் உள்ள அமிலம் ஒன்று சிறுநீரகத்தைப் பழுதாக்குவதோடு புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இப்போது ஐயத்துக்கிடமின்றித் தெரியும். 1990களின் தொடக்கத்திலே பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கென்று விழுங்கிய குளிகைகளில் வேறொரு மூலிகைக்குப் பதிலாக இவ்வினச் செடி கலந்துவிட்டதால், நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. முன்னோர் அறிந்து சொன்னவை பல. ஆண்டுகள் கழிந்தபின் வெளிப்படும் தீங்கை எந்த வைத்தியரும் தம் ஒரு வாழ்நாளிற் கண்டறிந்திருக்க இயலாது. அதை ஒப்புக்கொள்வதால் முன்னோருக்கு இழிவு ஏதும் இல்லை.

செடியைப் போலவே சாராயமும் கவனத்துக்குரியது. மலிவாகக் கிடைக்கிறதென்று கசிப்பிலே மருந்து ஊறவைப்போர் உளர். காயம் துடைக்கும் ஸ்பிரிட்டையும் அடுப்புக்கு வார்க்கும் ஸ்பிரிட்டையும்கூட எடுத்துவிடுவோர் உளர். எதைல் அற்ககோல் வேறு. மெதைல் அற்ககோல் வேறு. நிறத்தாலும் மணத்தாலும் இரண்டையும் சாதாரண மனிதரால் பிரித்தறிய முடியாது. மெதைல் அற்ககோல் உடலுக்குள்ளே போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. 10 மில்லிலீற்றர் அளவே பார்வையைப் பறிக்கப் போதும். கரைக்கும் நீரே கொல்லும் என்பதற்கு 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது நிலையான சான்று. சல்பனிலமைட்டு என்னும் நல்ல மருந்தொன்று. அதைக் குடிப்பதற்கு எளிதாக ஆக்கவேண்டுமென்று, டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சிலே கரைத்து, பழவாசனை ஊட்டி, விற்பனைக்கு விட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பலர் குழந்தைகள். அந்நாட்டு அதிகாரிகள் அந்தப் போத்தல்களைக் கைப்பற்றச் சட்டத்தில் வேறு வழியின்றி, அதன் பெயரையே பிடித்தார்கள். எலிக்சிர் என்று பெயரிட்டால் அதில் மதுசாரம் இருக்கவேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் பொய் என்பதே குற்றச்சாட்டாயிற்று. மனிதரைக் கொன்றது குற்றமாகவில்லை. பெயர் தவறியது குற்றமாயிற்று. அடுத்த ஆண்டிலேயே சட்டத்தை மாற்றினார்கள்.

இவ்வளவும் கேட்டபின், வீட்டிலே ஒன்றுமே செய்யலாகாதா என்று சிலர் சலிப்படையக்கூடும். செய்யலாம். பெரியையாவின் முதலாவது போத்தல், வேர்க்கொம்புப் போத்தல், குற்றமற்றது. மேனாட்டு மருந்து நூல்களிலும் இஞ்சி டிங்சர் இடம்பெற்றதுண்டு. அதைச் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

பூஞ்சணமில்லாத வேர்க்கொம்பு 20 கிராம் எடுத்து, தோலைச் சுரண்டி, ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மாவாக இடித்தால் வடிகட்டுவது கடினம். கொதிநீரிற் கழுவி நன்கு உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் இட்டு, முத்திரையுள்ள கடைச் சாராயம் 100 மில்லிலீற்றர் வாருங்கள். சரக்கு ஒன்றுக்கு நீர் ஐந்து என்பது கணக்கு. இறுக மூடி, வெயில் படாத இடத்தில் பதினான்கு நாள் வைத்து, நாள்தோறும் ஒருமுறை குலுக்குங்கள். பின்னர் வெள்ளைத் துணியிலே வடித்துப் பிழிந்து, இரண்டு நாள் தெளியவிட்டு மேலே உள்ளதை வேறொரு போத்தலில் ஊற்றுங்கள். வயது வந்தவருக்கு அரைத் தேக்கரண்டி, வெந்நீர் ஒரு குவளையிற் கலந்து, பொருமலோ குமட்டலோ கண்டபோது மட்டும். நாள்தோறும் குடிப்பதற்கு அன்று. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவிலே மாறுபடும். மருந்துக் குப்பியோடு வரும் அளவுக் கிண்ணம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இங்கே, பச்சை இஞ்சியிலும் செய்யலாமே என்பீர்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நமது நாட்டுச் சாராயத்திலே மதுசாரம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. நூற்றுக்கு 34 என்று கொள்வோம். 500 மில்லிலீற்றர் சாராயத்திலே மதுசாரம் 170 மில்லிலீற்றர். அதில் அரைக் கிலோகிராம் பச்சை இஞ்சியை இட்டால், இஞ்சியிலே ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராதலால், 400 மில்லிலீற்றர் தண்ணீர் புதிதாகச் சேர்கிறது. மொத்தம் 900 மில்லிலீற்றரில் 170, நூற்றுக்கு 19. இது கிருமியை நிச்சயமாகத் தடுக்கப் போதாது. பச்சிலைகளும் அவ்வாறே. பச்சை மூலிகையிட்ட போத்தல் மூன்றாம் மாதத்திலே கலங்கிப் புளிப்பதன் காரணம் இதுதான். பலர் கைராசியின்மேற் பழிபோடுகிறார்கள், பிழை தண்ணீரில்.

இனி இதை யார் குடிக்கலாகாது? கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டாம். சில வீடுகளிலே பிள்ளைப்பேற்றின் பின் உடம்புக்குச் சூடென்று பிராந்தியோ சாராயமோ கொடுக்கும் வழக்கம் இருந்தது. மதுசாரம் தோலின் குருதிக்குழாய்களை விரிப்பதால் சூடுபோலத் தோன்றும். உண்மையிலே உடம்பின் வெப்பம் அவ்வழியே வெளியேறுகிறது. குருதியிலுள்ள அளவு மதுசாரமே தாய்ப்பாலிலும் இருக்கும். காயச் சரக்கைக் கறியாக வைத்துக் கொடுங்கள். அதுவே தக்க வழி. நீரிழிவுக்கு இன்சுலினோ குளிகையோ எடுப்பவர்களுக்கு மதுசாரம் குருதி வெல்லத்தை எதிர்பாராமல் இறக்கிவிடும். உறக்க மருந்து எடுப்போருக்கு மயக்கம் இரட்டிக்கும். ஈரல் நோயுள்ளவர்கள், குருதி உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் தவிர்க்கவேண்டும். இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடிப்பழக்கத்தைப் பெருமுயற்சியோடு விட்டவர் ஒருவர் வீட்டிலே இருந்தால், மருந்தென்ற பெயரிலும் இந்தப் போத்தல் அவ்வீட்டில் இருக்கவேண்டாம். ஒரு கரண்டி அவருக்கு மருந்தாக இராது.

குழந்தைகளுக்கு எந்த அளவிலும் கூடாது. நம் தாய்மார் நம்பிக்கையோடு புகட்டிய கிறைப் வோட்டரிலேயே ஒருகாலத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் மதுசாரம் இருந்தது. குழந்தை உறங்கியதற்குச் சதகுப்பை எவ்வளவு காரணம், மதுசாரம் எவ்வளவு காரணம் என்று இப்போது யாரைக் கேட்பது? இங்கிலாந்திலே 1992ஆம் ஆண்டளவில் அதிலிருந்து மதுசாரத்தை நீக்கிவிட்டார்கள்.

சமயத்தாலோ கொள்கையாலோ மதுசாரத்தைத் தொடாத வீடுகள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு நம் நூல்களிலேயே வழி இருக்கிறது. முன்னர்க் கூறிய முப்பத்திரண்டு அகமருந்துகளில் தேனூறல் ஒன்று. இஞ்சியைத் தோல்நீக்கிச் சீவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, தேனில் மூழ்கும்படி ஊறவைத்தால் நல்ல இஞ்சித் தேனூறல் கிடைக்கும். ஈரம் முற்றாகப் போகவேண்டும். இல்லையேல் தேனும் நொதித்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கொடுக்கலாகாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தேனில் உறங்கிக் கிடக்கும் ஒருவகைக் கிருமி அவ்வயதுக் குடலிலே விழித்து நஞ்சை உண்டாக்கக்கூடும். இவையொன்றும் வேண்டாமெனின், வேர்க்கொம்பையும் மல்லியையும் தட்டி அவித்து, இளஞ்சூட்டோடு குடித்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். அடுப்பு மூட்டும் சிரமம் ஒன்றுதான்.

வைத்தியசாலையிலிருந்து வந்த மறுநாளே பெரியம்மா இரண்டாவது போத்தலைக் கொண்டுபோய், கிணற்றுக்கு எட்டத்திலே, கோடிப்புறத்து வேலியோரம் குழி தோண்டி ஊற்றி, போத்தலையும் உடைத்துப் புதைத்தார். முதலாவது போத்தல் அலுமாரியிலேயே இருந்தது. அதற்கு மட்டும் பெரியையா என்னைக்கொண்டு ஒரு கடதாசித் துண்டிலே எழுதுவித்து ஒட்டினார். மருந்தின் பெயர், ஊறப்போட்ட நாள், வடித்த நாள், யாருக்கு, எவ்வளவு என்ற ஐந்து வரி. எழுதி முடித்தபின் அவர் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டு இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "குடிக்கிறதுக்கு எண்டும் ஒரு சொல்லுப் போடு, தம்பி" என்றார். ஆறாவது வரியாக அதையும் எழுதினேன்.